ஆடியில் வந்த இரண்டு கம்பியூட்டர்கள்

ஒரு கம்பியூட்டர் வேகமானதா இல்லையா என்று சொல்ல ஆளுக்கொரு கணக்கு வைத்திருப்பார்கள். என்னிடம் இருந்தது கடைசி பஸ் கணக்கு. அப்புத்தளையில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்யும் வேலை எனக்கு. வீடு பெரகல சந்திக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் வீடுகளில் ஒன்று. ஆல்பத்தின் பக்கங்களை எல்லாம் அடுக்கி முடித்து, அச்சுக்கு அனுப்புவதற்காகச் சேமிக்கச் சொன்னால், எங்கள் பழைய கம்பியூட்டர் திரையில் ஒரு பச்சைக் கோட்டைக் காட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடும். கோடு நகர்கிறதா என்று பார்ப்பேன். பஸ் வந்துவிட்டதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். மறுபடியும் கோடு. பல நாள் பஸ்தான் ஜெயித்தது.

பஸ் போனால் என்ன, ஆட்டோ இல்லையா என்று கேட்பவர்கள் தோட்டத்தில் இருந்து பார்த்தவர்கள் இல்லை. ஆட்டோவில் தனியாக வந்து இறங்கும் பெண்ணைப் பார்க்க லயத்தில் எல்லா வாசலிலும் ஆள் இருக்கும். "இன்னைக்கும் கம்பியூட்டர் படுத்துக்கிச்சா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். அந்தக் கேள்வியில் அக்கறை பாதி, மற்றது பாதி. பகல் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா டார்ச் லைட்டோடு ரோட்டு முனையில் நிற்பார். ஐப்பசி மழை என்றால் இன்னும் மோசம். மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடிய பிறகு, எங்கள் பக்கத்தில் மழை பெய்யும்போது வீட்டில் ஓர் ஆள் குறைந்தாலும் யாருக்கும் சோறு இறங்காது. அதனால் புதுக் கம்பியூட்டர் வாங்கச் சொல்லி நான் ஸ்டூடியோ முதலாளியைப் பிடுங்கி எடுத்ததில் நியாயம் இருந்தது.

முதலாளி ஆடி மாதத்தில் இறங்கி வந்தார். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆல்பமும் கிடையாது, மனுசனுக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. பதுளையில் அவருக்குத் தெரிந்த ஒரு வியாபாரக் குடும்பம் இருந்தது. ஒரு காலத்தில் துணிக்கடை. இப்போது அதே கடையில் போனும் கமராவும் கம்பியூட்டரும். சரக்கு மாறினாலும் துணிக்கடைப் பழக்கம் அவர்களை விடவில்லை. முன்பெல்லாம் தெரிந்த வீட்டில் விசேஷம் என்றால் சேலைகளை மூட்டையாகக் கட்டி வீட்டுக்கே அனுப்புவார்களாம். பிரித்துப் பார்த்து, கட்டிப் பார்த்து, பிடித்ததை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பலாம். அதே மாதிரி இரண்டு கம்பியூட்டரை எங்கள் ஸ்டூடியோவுக்கு அனுப்பினார்கள். ஒன்றில் குறைந்த விலை ப்ரொசெசர். மற்றதில் ஓவர்கிளாக் செய்து வேகத்தைக் கூட்டக்கூடிய பெரிய ப்ரொசெசர். ஓட்டிப் பாருங்கள், எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

கொண்டுவந்தவர் அந்தக் கடையின் இரண்டாவது மகன்.

அவர் என்று எழுதுகிறேன். மனதுக்குள் திட்டும்போதுகூட அவர் என்றுதான் வருகிறது, பழக்கம் அப்படி. கம்பியூட்டர் வருவதற்கு ஒரு வருடத்துக்கு முன்பிருந்தே அவரை எனக்குத் தெரியும். எங்கள் ப்ரிண்டரைப் பார்க்க வந்து போவார். அந்த வருடம் ப்ரிண்டருக்கு வந்த வியாதிகளில் பாதி ப்ரிண்டருக்கே தெரியாது. முதலில் "நீங்க" என்றார், பிறகு "மேடம்" என்று கேலி செய்தார், பிறகு ஒரு நாள் "நீ" என்றார். அந்த "நீ"யை வீட்டுக்கு எடுத்துப்போய் எத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

"ஆவணி பொறக்கட்டும். அப்பாகிட்ட பேசிர்றேன்" என்று சொல்லியிருந்தார். தையில் சொன்னது சித்திரைக்குப் போய், சித்திரையில் சொன்னது ஆவணிக்கு வந்திருந்தது. அவர்கள் வீட்டில் பெண் எடுப்பதென்றால் கடை வைத்திருக்கும் குடும்பத்தில்தான் எடுப்பார்கள். தோட்டத்துப் பெண்கள் அந்தக் கடைக்குள் போவது சாமான் வாங்க மட்டும்தான். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் அவர் பேசினால் நடக்கும் என்று நம்பினேன். என் அம்மாவும், பூனாகலையில் இருந்து வந்த ஒரு சம்பந்தத்துக்குப் பதில் சொல்லாமல் எனக்காக ஆவணி வரைக்கும் இழுத்து வைத்திருந்தார். அதற்குள் அவர் தன் அப்பாவிடம் வாயைத் திறக்கவேண்டும். இல்லையென்றால் பூனாகலை மாப்பிள்ளைதான். முகம்கூட ஞாபகமில்லாத ஆள்.

இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் சின்னதைத் தட்டிக் காட்டினார்.

"இது சாதாரணம். கம்பெனிக்காரன் சொன்ன வேகத்துல ஓடும், அதுக்கு மேல ஒரு அடி வைக்காது. பூட்டிப் போட்டிருக்கான்."

"பெருசு?"

"அதுல பூட்டு இல்ல. செட்டிங்ஸ்ல போயி நாம வேகத்தக் கூட்டலாம். ஆனா சூடாகும். அதனாலதான் பெரிய ஃபேன், நல்ல போர்டு, பவர் சப்ளையும் பெருசா வேணும்."

"சின்னதுக்கு?"

"டப்பாக்குள்ள அதோடயே ஒரு குட்டி ஃபேன் வரும். அது போதும் அதுக்கு."

போதும் என்பதை ஏதோ நோயின் பெயரைச் சொல்வது போலச் சொன்னார். சின்னதன் மேல் அப்போதே எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது.

பிறகு ஓட்டிப் பார்த்தோம். பெரிய பெரிய சோதனைகள் எல்லாம் இல்லை. ஸ்டூடியோவில் ஒரு நாளில் என்ன நடக்குமோ அதை இரண்டிலும் செய்தோம். ஸ்விட்ச் போட்டால் இரண்டும் ஒன்றாகவே எழுந்தன. பழைய கம்பியூட்டர் எழுவதற்குள் நான் கூட்டிப் பெருக்கி, சாமிப் படத்துக்கு ஊதுபத்தியும் கொளுத்திவிடுவேன். இவை நான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் தயார். அது ப்ரொசெசரால் இல்லை, இரண்டிலும் புதுவகை டிஸ்க் போட்டிருப்பதால்தான் என்று அவரே ஒத்துக்கொண்டார். பாஸ்போர்ட் போட்டோ வெட்டினேன். வித்தியாசம் இல்லை. தமிழில் ஒரு மரண அறிவித்தல் டைப் பண்ணினேன். வித்தியாசம் இல்லை. இணையத்தில் ஏழெட்டுப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, பாட்டு ஒரு பக்கம் ஓட, ஒரு பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றை அச்செடுத்தேன். கண்ணைக் கட்டிவிட்டு எது எது என்று கேட்டால் நானும் சொல்லியிருக்க மாட்டேன், அவரும் சொல்லியிருக்க மாட்டார்.

ஆல்பத்தில்தான் இரண்டும் பிரிந்தன. பழைய ஆல்பம் ஒன்றை இரண்டிலும் சேமிக்கச் சொல்லிவிட்டு, கீழே கடையில் இருந்து தேநீர் வரவழைத்தோம். சின்னதில் பச்சைக் கோடு முடிவதற்கும் நான் கோப்பையைக் காலி செய்வதற்கும் சரியாக இருந்தது. பெரியதில் பாதிக் கோப்பைதான். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கம்பியூட்டரை அணைத்து, மறுபடி போட்டு, அது எழும் முன்னே செட்டிங்ஸுக்குள் போய் வேகத்தைக் கூட்டினார். மறுபடி தேநீர், மறுபடி ஆல்பம். இந்தத் தடவை முன்னதைவிட இரண்டு மிடறு முன்னால் முடிந்தது.

"பாத்தியா?"

"இந்த ரெண்டு மிடறுக்கா இவ்வளவு பெரிய ஃபேன்?"

"ஒனக்கு எப்பவும் சின்னதே போதும். தோட்டத்துப் புத்தி."

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. "எங்க தோட்டத்துல போதும்னு சொல்றதுக்கு மொதல்ல ஏதாவது இருக்கணும்" என்றேன். அவர் உடனே காதைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நானும் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கவே கூடாது என்று இப்போது தோன்றுகிறது. அந்த வார்த்தை அவர் வீட்டில் புழங்கும் வார்த்தை. அவர் வாயில் சும்மா வந்து உட்காரவில்லை.

உண்மையில் அன்றைக்கே முடிவு சொல்லியிருக்கலாம். எங்கள் வேலைக்குச் சின்னதே தாராளம். அதில் ஆல்பத்தைச் சேமித்துவிட்டு, ஆறுதலாகக் கதவைப் பூட்டிவிட்டு நடந்தாலும் பஸ்ஸில் ஜன்னலோரத்து இடம் கிடைக்கும். ஆனால் முடிவு சொல்லிவிட்டால் மற்றப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் போய்விடுவார். அதனால் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றேன். அவரும் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றார். முதலாளி ஆடிக்கு ஏதோ நேர்த்திக்கடன் என்று கதிர்காமம் போயிருந்தார். ஆள் வராத ஸ்டூடியோவில் இரண்டு ஸ்டூலைப் போட்டு, இரண்டு திரைகளுக்கு முன்னால் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அவர் வேகத்தை ஒரு படி கூட்டுவார், கம்பியூட்டர் உறைந்து நிற்கும். ஒரு படி குறைப்பார், ஓடும். எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்று கேட்டால், "என்ன ஆகும், கம்பெனி வாரன்டி போகும். அதுக்குப் பயந்தா வாழ முடியுமா?" என்பார். அப்படிப் பேசும்போது அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் முழுதாகச் சந்தோஷமாக இருந்த நாட்கள் எவை என்று யாராவது கேட்டால் அந்த ஆடியைத்தான் சொல்வேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பதுளைக்காரர்களுக்கு எங்கள் பக்கத்துக் குளிரைப் பற்றி ஒரு தனி அபிப்பிராயம் உண்டு. அவர்கள் ஊர் பள்ளத்தில் இருக்கிறது, வெக்கை. மேலே ஏறி வந்தால் சுவெட்டர் போட்டுக்கொண்டு, "ஆகா, என்னா காத்து" என்பார்கள். கீழே இறங்கியதும் மறந்துவிடுவார்கள். இவரும் அப்படித்தான். பெரியதன் வேகத்தை இன்னும் கூட்டினால் சூடு ஏறி அணைந்துவிடுகிறது என்றதும், பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். மேசையை ஜன்னலோரம் இழுத்தார். ஜன்னலைத் திறந்து விட்டார்.

"பதுளைல இந்த வேகம் வச்சா அஞ்சு நிமிசம் தாங்காது. இங்க பாரு, ஃபேன் சத்தமே இல்ல. கொழும்புல அவனவன் ஆயிரக்கணக்குல குடுத்து கூலர் வாங்குறான். நமக்கு அப்புத்தளையே ஒரு ஏசி."

ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு. பின்னேரமானால் அதற்குள் இருந்து பனி ஏறி வரும். அது வெறும் குளிர் இல்லை, தண்ணீர். எங்கள் லயத்தில் உப்புப் போத்தல் கசியும். தீப்பெட்டியை அடுப்புக்கு மேலே வைக்கவில்லை என்றால் குச்சி பற்றாது. கொடியில் போட்ட துணி காயாமல் நாற்றம் எடுக்கும். இதையெல்லாம் சொன்னேன்.

"குளிரு வேற, தண்ணி வேற. எனக்கே கம்பியூட்டர் சொல்லித் தர்றியா?" என்று என் தலையில் தட்டினார். கொழும்பில் படித்துவிட்டு வந்தவர். அவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

அன்று கிளம்பும்போது ஜன்னலை மூடப் போனேன். வேண்டாம் என்றார். பெட்டி முழுக்கக் குளிர்ந்து கிடக்கட்டும், நாளைக்குக் காலையில் அந்தக் குளிரிலேயே எல்லாவற்றுக்கும் மேலான வேகத்தை வைத்து ஓட்டலாம் என்றார். நான் தயங்கினேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

"இது ஓடிருச்சுன்னா வீடியோ எடுத்து அப்பாகிட்ட காட்டுவேன். யாரு கூட இருந்து செஞ்சதுன்னு கேப்பாரு. அந்தச் சாக்குல நம்ம விசயத்த எடுத்திருவேன். ஆவணி வரைக்கும்கூட வேணாம்."

அந்த ஒரு பேச்சுக்காக ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அதற்காக வேண்டுமானால் ஸ்டூடியோவின் சுவரையே இடித்துவிட்டு வந்திருப்பேன்.

காலையில் கதவைத் திறந்தால் மேசை முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். போர்டைத் தொட்டுப் பார்த்தேன், விரல் நனைந்தது. அவருக்குப் போன் போட்டேன். கடையில் ஆட்கள் நிற்கிறார்கள் போல, தணிந்த குரலில் பேசினார். "துணியால தொடச்சிட்டுப் போடு. ஒண்ணும் ஆகாது." காயட்டுமே என்றேன். "போடு, நான் லைன்லதான இருக்கேன்" என்றார். துடைத்தேன். போட்டேன். உள்ளே டப் என்று ஒரு சத்தம், ரப்பர் கருகிய வாடை. அதற்கு மேல் எதுவும் இல்லை. போனில் அவருக்கும் அந்த டப் கேட்டிருக்கும். "சரி, பெட்டிய அனுப்பு. நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் பாத்துக்கிறேன் என்ற வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

கதிர்காமத்தில் இருந்து திரும்பிய முதலாளி அதிகம் கோபப்படவில்லை. "நீயே கொண்டுபோய்க் குடுத்துரு. சின்னது நமக்குப் போதும்னு சொல்லி பில்லு வாங்கிட்டு வா" என்றார். மறுநாள், தைப் பொங்கலுக்கு எடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். எதற்காகப் பதுளைக்குப் போகிறேன் என்று அம்மாவுக்குத் தெரியும். அம்மா நினைத்ததும் நான் நினைத்ததும் ஒன்றுதான். நானே எதிரில் போய் நின்றால் அவர் இனித் தள்ளிப்போட முடியாது, அப்பாவிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். பண்டாரவளை, தெமோதரை என்று பஸ் இறங்க இறங்கக் காற்று சூடாகிக்கொண்டு வந்தது. செத்துப்போன கம்பியூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, மாமா என்று கூப்பிடுவதா, ஐயா என்று கூப்பிடுவதா என்று யோசித்துக்கொண்டு போன முட்டாள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடையில் அப்பாவும் மகனும் இருந்தார்கள். அப்பா நெற்றியில் விபூதியோடு, நல்ல களையான மனிதர். பெட்டியைப் பார்த்ததும் அவரே எழுந்து வந்து வாங்கி வைத்தார்.

"வாங்க, வாங்க. அப்புத்தளை ஸ்டூடியோவா? உக்காருங்க. தம்பி சொன்னான், ஜன்னலத் தெறந்து வச்சிட்டுப் போயிட்டீங்களாமே?"

நான் மகன் பக்கம் பார்த்தேன். அவர் ஒரு வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்ததை அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

நான்தான் திறந்து வைக்கச் சொன்னேன்ப்பா என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது. கல்யாணப் பேச்சுக்கூட வேண்டாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நான் இன்னொரு தைக்கும் இன்னொரு சித்திரைக்கும் காத்துக்கொண்டு இருந்திருப்பேன். கடைக்குள் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் அவருக்காக வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"பரவால்ல, போனது போகுது. ஒங்க மொதலாளி நமக்கு வேண்டியவரு" என்றார் அப்பா. "நீங்க டவுனா?"

"இல்லங்க. பெரகலக்குக் கீழ."

"கீழன்னா?"

"தோட்டங்க."

"ஓ, தோட்டமா?" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதற்குப் பிறகு "நீங்க" இல்லை. "சாமானெல்லாம் பாத்துப் பொழங்கணும் பிள்ள. சாதாரண வேலைக்கு எதுக்கு பெருசு? சின்னதே போதும், என்ன?" பிறகு மகன் பக்கம் திரும்பி, "ஒனக்குத் தெரிஞ்ச பிள்ளையா?" என்று கேட்டார்.

"ஸ்டூடியோவுல வேலை செய்றவங்கப்பா. கஸ்டமர்."

அழுதுவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எல்லை, வாரன்டி என்று என்னென்னவோ பேசிய மனிதர், சொந்த அப்பாவுக்கு முன்னால் என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் என் முகத்தைப் பார்த்து அவருடைய அப்பாவுக்கே விளங்கியிருக்கும். அதனால்தான் திரும்பவில்லையோ என்னவோ.

அவர் பில் போடும் கம்பியூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். சின்னதன் விவரங்களைத் தட்டினார். ஸ்டூடியோவின் பெயரைத் தட்டினார்.

"மிஸ், சாமான் எடுத்தவங்க பேரும் போடணும்" என்றார். "பேரு சொல்லுங்க."

என் பெயரைப் பாதியாக்கிக் கூப்பிடுவார். கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் நீட்டிக் கூப்பிடுவார். இப்போது விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு, நான் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். வெறும் பெயரை மட்டும் சொன்னேன்.

ப்ரிண்டரில் வந்த தாளை அவருடைய அப்பாதான் எடுத்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கி ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்க பிள்ள."

பார்த்தேன். என் பெயருக்கு முன்னால் என் அப்பாவின் முதலெழுத்தும் இருந்தது. நான் அதைச் சொல்லவே இல்லை.

"சரியா இருக்குங்க" என்றேன்.